பிள்ளைகளுக்குப் பை கொடுத்த கொம்பனி, கூட்டுகிற அக்காவுக்குச் சேமலாப நிதி கட்டவில்லை. இது சமூகப் பொறுப்பா?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
கொழும்பில் ஒரு கொம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். போன மாதம் எங்கள் ‘சமூகப் பொறுப்பு’ திட்டத்தில் ஒரு பாடசாலைக்கு 200 புத்தகப் பை கொடுத்தோம். ஒன்று 2,500 ரூபாய், மொத்தம் ஐந்து லட்சம். பேனரும் போட்டோக்காரரும் சாப்பாடும் தனிக்கணக்கு.

அடுத்த நாள் எங்கள் மாடியைக் கூட்டுகிற அக்கா நாலாக மடித்த ஒரு பேப்பரைக் கொண்டுவந்து காட்டினா. நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போய் எடுத்தாவாம். அவவுடைய ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில், அதாவது ஓய்வுகாலச் சேமிப்பில், 14 மாதமாக ஒரு சதமும் விழவில்லை. சம்பளச் சிட்டையில் மட்டும் மாதாமாதம் 8 வீதம் ஒழுங்காகக் கழிந்திருக்கிறது.

சம்பளம் 40,000. முதலாளி பங்கு 12 வீதம், அதாவது 4,800. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் முதலாளி 3 வீதம், 1,200. இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 72,000. பை வாங்கிய காசில் கிட்டத்தட்ட ஏழு பேருக்கு ஒரு வருடப் பங்கு கட்டலாம். மேலே கேட்டேன். ‘அவ எங்கட ஆள் இல்லை, கூலிக்கு ஆள் அனுப்புகிற மேன்பவர் கொம்பனியின் ஆள்’ என்றார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வெள்ளவத்தை வாசகி:
இந்த மாதிரித் திட்டங்களை நடத்துவதுதான் என் வேலை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையைக் குறை சொல்லாதீர்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு கொப்பி விலை என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். நான் போன ஒரு பள்ளியில் ஒரு பிள்ளை கொப்பிகளைச் சொப்பிங் பையில் கொண்டுவந்தது. மழைக்கு வாயை முடிச்சுப் போட்டிருந்தது. அந்தப் பிள்ளையிடம் போய் ‘எங்கள் மேன்பவர் கணக்கு சரியாகட்டும், பிறகு பை தருகிறோம்’ என்று சொல்வீர்களா? அக்காவுக்கு நடந்தது அநியாயம்தான். அது வேறு கதை.

புறக்கோட்டை மொத்தக்கடை:
தங்கச்சி சொல்வதும் சரியில்லை, கணக்கன் தம்பி சொல்வதும் சரியில்லை. வியாபாரியின் பொறுப்பு நிறையைச் சரியாக நிறுப்பதும், வரியைக் கட்டுவதும், வேலைக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பதும். பை கொடுப்பது முதலாளி தன் சொந்தப் பொக்கற்றில் இருந்து செய்ய வேண்டியது. பங்குதாரரின் காசில் மனேஜர் புண்ணியம் தேடக் கூடாது. மில்டன் ஃபிரீட்மன் 1970இலேயே நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் இதை எழுதிவிட்டார், லாபம்தான் வியாபாரத்தின் பொறுப்பு என்று.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
அண்ணை, அதே கட்டுரையில் ஏமாற்றும் மோசடியும் இல்லாமல், விதிக்குள் நின்று என்றும் எழுதியிருக்கிறார். அதை மட்டும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சம்பளத்தில் 8 வீதத்தைக் கழித்து எடுத்துவிட்டு நிதியில் போடாமல் இருப்பதற்கு உங்கள் தெருவில் என்ன பெயர்?

புறக்கோட்டை மொத்தக்கடை:
களவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஹட்டன்காரன்:
தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இந்தப் பேனர் புதிதில்லை. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளை மடுவத்துக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வெளியே கொம்பனி பெயரோடு பலகை நிற்கும், உள்ளே தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் படம் எடுப்பார்கள். அதே காலத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று ஊரே கத்திக்கொண்டு இருந்தது. பல வருடம் இழுத்து 2021இல்தான் வந்தது, அதுவும் அரசாங்கம் வர்த்தமானியில் போட்ட பிறகு. பெயின்ட்டுக்கு யாரும் போராடவில்லை. அது தானாக வந்தது.

சட்டப்பித்தன்:
இங்கே இருக்கிற ஓட்டை, எல்லாம் விருப்பத்தின் பேரில் நடப்பது. இந்தியாவில் 2013 கம்பனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு இருக்கிறது. சொத்தோ வருமானமோ லாபமோ குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கொம்பனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 வீதத்தைச் சமூகத் திட்டங்களுக்குச் செலவழிக்க வேண்டும். நமக்கும் அப்படி ஒன்று வந்தால் இந்த நாடகம் முடியும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
வந்தாலும் அக்காவுக்கு ஒன்றும் கிடைக்காது ஐயா. இந்தியாவில் அந்த 2 வீதத்துக்குள், சொந்த ஊழியருக்கு மட்டும் பயன் தரும் செலவைக் காட்ட முடியாது. அது சரியும்தான். கொடுக்க வேண்டிய கடனை எப்படித் தர்மக் கணக்கில் எழுதுவது? ஆனால் நடைமுறையில் என்ன ஆகும்? பை வாங்க 2 வீதம் கட்டாயம், மேன்பவர் அக்காவின் 12 வீதம் கண்காணிக்க ஆளில்லாமல் கிடக்கும்.

சட்டப்பித்தன்:
சேமலாப நிதியும் கட்டாயம்தான் தம்பி, 1958 முதல். பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணமும் உண்டு. புதுச் சட்டம் வேண்டாம் என்றால் பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
எல்லோரும் சேர்ந்து எங்கள் வேலையையே நாடகம் ஆக்கிவிட்டீர்கள். ஒன்று கேட்கிறேன். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து கரையெல்லாம் பிளாஸ்டிக் மணி குவிந்தது. கொரோனாக் கட்டுப்பாடு தளர்ந்ததும் எங்கள் ஆட்களோடு நானும் நீர்கொழும்புப் பக்கம் போனேன். மா சலிக்கிற சல்லடையில் மணலைச் சலித்தோம். ஒரு கை மணலில் அரிசிக் குறுணல் மாதிரி இருபது முப்பது மணி நிற்கும். உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் கட்டச் சொன்னது 2025 ஜூலையில். நீதி வரட்டும் என்று நாலு வருடம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டுமா?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
இல்லை அக்கா. நீங்கள் போனது நல்லது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் கப்பலை எரிய விட்டது நீங்கள் இல்லையே. எரித்தவனே சல்லடையோடு வந்து படம் எடுத்துப் போட்டால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? எங்கள் கதை அது.

வெள்ளவத்தை வாசகி:
கடன் வைத்தது மேன்பவர்காரன். உங்கள் கொம்பனி அவனுக்குக் காசு கொடுத்துவிட்டதுதானே?

ஹட்டன்காரன்:
பங்களாதேஷில் 2013 ஏப்ரலில் தையல் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அவர்களையும் வெளிநாட்டு பிராண்டுகள் நேரே வேலைக்கு வைக்கவில்லை, தைத்துக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அதற்குப் பிறகுதான் இருநூறுக்கு மேற்பட்ட பிராண்டுகள் கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ‘எங்கட ஆள் இல்லை’ என்பது அங்கேயே செல்லாமல் போய்விட்டது. சேமலாப நிதிக்கு எந்தக் கட்டடம் இடிய வேண்டும்? அப்புறம் மொத்தக்கடை அண்ணை, உங்கள் கடையில் மூடை தூக்குகிற நாட்டாமைக்கு நிதி கட்டுகிறீர்களா?

புறக்கோட்டை மொத்தக்கடை:
கேட்பாய் என்று தெரியும். அவன் பத்துக் கடைக்குத் தூக்குகிறவன், மூடைக்கு இவ்வளவு என்று கூலி. எந்தக் கடை கட்டுவது? கட்டவில்லை. காலையில் தேத்தண்ணியும் பணிசும் கொடுப்பேன், நோய் வந்தால் காசு கொடுப்பேன். நீ அதையும் பேனர் என்றுதான் சொல்லப்போகிறாய். சொல்லு. ஆனால் கணக்கன் தம்பிக்கு ஒரு வழி சொல்கிறேன், இது வியாபாரி மூளை. மேன்பவர்காரனின் பில் உன் மேசைக்குத்தானே வருகிறது? போன மாதம் நிதி கட்டிய சி படிவத்தின் பிரதி, பாங்க் சீட்டோடு, ஆட்களின் பெயர் தெரிய இணைத்தால்தான் பில் பாஸ் என்று சொல்லிப் பார்.

வெள்ளவத்தை வாசகி:
அதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். எங்கள் கொம்பனியிலும் அப்படி ஒரு வரி இல்லை என்று இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அடுத்த புதுப்பித்தலில் சேர்க்கச் சொல்லி மேலே அனுப்புகிறேன். பைத் திட்டத்தை நிறுத்த மாட்டேன்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
ஒரு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். அண்ணை சொன்னபடி பில்லை நிறுத்தி வைத்தேன். எங்கள் ஃபினான்ஸ் மனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, ‘உன் பெயரில் மெயில் போடு’ என்றார். மூன்றாம் நாள் மேன்பவர்காரனின் ஆள் தொலைபேசியில் வந்தார். படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘யார் உங்களிடம் சொன்னது?’ என்றுதான் இரண்டு தரம் கேட்டார். வழமையான கணக்காய்வு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, ‘தம்பி, என்ட பெயர் வராதுதானே?’ என்றா. பில் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.