நிலத்தோற்ற ஃபெங் சுயி: கருப்பு ஆமை வடக்கில்தான் இருக்க வேண்டுமா?

நிலன் (கேள்வி):
சீனத்து ஊரமைப்பைப் பற்றிப் படித்துவரும் எனக்கு ஓர் ஐயம். மலையையும் நீரையும் பார்த்து இடம் தேரும் ஃபெங் சுயி மரபில், பின்னே கருப்பு ஆமை, முன்னே செம்பறவை, இடப்புறம் நீல டிராகன், வலப்புறம் வெண்புலி என நான்கு காவல்கள் கூறப்படுகின்றன. ஆமைக்கு உரிய திசை வடக்கு என்றால், குன்று கிழக்கிலோ தெற்கிலோ அமைந்த ஊர்களைத் தகாதவை என்று ஒதுக்கினார்களா?

மலைநாடன்:
ஒதுக்கவில்லை. லுவோபன் என்னும் திசைகாட்டித் தட்டைக் கொண்டு கணிப்பது தென்கிழக்குச் சீன மாகாணமான ஃபூஜியானில் வளர்ந்த வேறு கிளை. நீங்கள் கேட்கும் மரபு, 9ஆம் நூற்றாண்டில் அதன் அண்டை மாகாணமான ஜியாங்சியில் வாழ்ந்த யாங் யுன்சோங்கை ஆசானாகக் கொண்டது. மலைத்தொடர் எங்கிருந்து இறங்கி எங்கே நிற்கிறது, ஓடை எவ்விடத்தில் வளைகிறது என்பவற்றையே அது முதலில் பார்க்கும். பழங்காலச் சீன அறிஞர் குவோ பூவின் பெயரால் வழங்கும் நூல், ‘சி’ என்னும் உயிராற்றல் காற்றில் சிதறும், நீரை எட்டியதும் நிற்கும் என்கிறது. ஆகவே எத்திசையில் இருந்தாலும் முதுகுக்கு அணையாக நின்று காற்றைத் தடுக்கும் மலையே ஆமை.

வடசீனத்தில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வீசுவதால், ஆமைக்கு உரிய திசையும் காற்றைத் தடுக்கும் மலையின் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. பெய்ஜிங்குக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில், 1409இல் மிங் வம்சத்து யோங்லே பேரரசர் தமக்குக் கல்லறை எழுப்பத் தொடங்கிய பள்ளத்தாக்கில், வடக்கே தியான்ஷோ மலை நிற்க, தெற்கு வாயிலின் கிழக்கே டிராகன் குன்றும் மேற்கே புலிக் குன்றும் காவல் இருக்கின்றன. மிங் பேரரசர் பதின்மூவர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அதன் நிலப்படத்தைப் பொறுமையாகப் பார்ப்பது, பல நூல்களைப் படிப்பதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

கானகன்:
தென்சீனத்துக்கு ஹாங்காங்கின் பழைய சிற்றூர்கள் நல்ல சான்று. ஊருக்குப் பின்னுள்ள சரிவில் ஃபெங் சுயி காடு என்றே ஒரு காட்டை வெட்டாமல் காத்தனர். மண்சரிவும் புயற்காற்றும் வீடுகளை எட்டாமல் அது தடுத்தது. ஹக்கா என்னும் சீன இனக்குழுவினரின் ஊரான லாய் சி வோவில், விரல்கள் போல ஐந்து கிளைகள் விட்டதால் ‘ஐவிரல் கற்பூரம்’ எனப்படும் மரம் இன்றும் நிற்கிறது. அதன் ஒரு விரல் ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது வெட்டப்பட்டதாக ஊரார் சொல்கின்றனர்.

நிலன்:
இருவருக்கும் நன்றி. மலையே இல்லாத சமவெளியில் என்ன செய்தார்கள்?

மலைநாடன்:
மலையை உண்டாக்கினார்கள். பெய்ஜிங் அரண்மனைக்கு வடக்கே நிற்கும் ஜிங்ஷான் குன்று, அகழி தோண்டிய மண்ணைக் குவித்து அதே யோங்லே காலத்தில் எழுப்பப்பட்டது. உயரம் சுமார் 45 மீட்டர். அரண்மனையின் முன்முற்றத்திலோ, வில்லைப் போல வளைத்து ஒரு நீரோடையையும் வெட்டி, அதன்மேல் ஐந்து பாலங்கள் அமைத்தார்கள்.