கார்போக நடவுக்கு முன் தோட்டத்தில் ஒரு சுற்று

எங்கள் தோட்டம் நீலகிரியில், கேத்தி பக்கம். நல்ல சரிவு. ஏப்ரல் கடைசியில் கார்போக (மழைக்காலப் பருவ) உருளைக்கிழங்கு நடுவோம். மழையில் மண் எவ்வளவு அரித்துப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் நிலத்தைக் கொத்துவதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். கொத்தி, கிழங்கு நடும் மேட்டு வரிசையை, அதாவது பாரை, போட்டுவிட்டால் தடம் எல்லாம் மூடிப்போகும், அடுத்த வருடமும் "நம்ம மண்ணுக்கு என்ன குறை" என்று பேசிக்கொண்டிருப்போம்.

இந்த முறை கோடை மழை கொட்டிய மறுநாள் அண்ணனோடு இறங்கினேன். கேரட் பிடுங்கிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே சின்னச் சின்னக் கற்கள், ஒவ்வொன்றும் ஒரு குட்டி மண் தூணின் மேல் உட்கார்ந்திருந்தன. கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பித்துவிட்டது, சுற்றி இருந்ததை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. தூணின் உயரம்தான் அங்கே போன மண்ணின் அளவு. சில இடங்களில் ஒரு சென்டிமீட்டர் இருந்தது. ஏக்கர் முழுக்க ஒரு மில்லிமீட்டர் போனாலே 4 கன மீட்டர், எடையில் 5 டன் பக்கம் வரும். அதுவும் எரு போட்டு வளர்த்த மேல்மண்.

நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடியிருந்த பெரிய நீர்த்தடம் எங்கிருந்து வருகிறது என்று பிடித்துக்கொண்டே மேலே ஏறினோம். அது எங்கள் நிலத்தில் விழுந்த மழையே இல்லை. மேலே இருக்கும் பாதைத் தண்ணீர் மொத்தமும் ஒரு மூலையில் திரும்பி உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த மூலையில் மறிகால் (தண்ணீரை மறித்துத் திருப்பும் கால்வாய்) வெட்டி ஓரத்துப் புல் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டோம். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

மீதிப் பாதிதான் சண்டை. தண்ணீர் வேகமாக ஓடி மண்ணை இழுத்துப் போகாமல் இருக்க, பாரைச் சரிவுக்குக் குறுக்கே போடலாம் என்றேன். "குறுக்கே போட்டா தண்ணி நிக்கும்டா, கிழங்கு அழுகிடும். அப்புறம் மண்ணை வச்சு என்ன பண்றது?" என்றார் அண்ணன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஜூன், ஜூலை மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் குறுக்காகவே, ஆனால் ஓர வாய்க்காலைப் பார்த்து லேசாகச் சாய்த்துப் போடுவது என்று முடிவானது.

கீழ்வேலி ஓரம் படிந்திருந்த மண்ணை மூட்டையில் அள்ளி மேலே ஏற்றினோம். முதுகு போய்விட்டது.

உருளைக்குச் சரி, கேரட் பாத்திக்கு என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. விதை தூவி முளைக்கும்வரை நிலம் மொட்டையாகவே கிடக்கிறது. சரிவில் கேரட் போடுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?