பொம்மை ரயில் பிள்ளைகளின் கையைவிட்டுப் போனது எப்போது?

கேள்வி: மேசைப்பாதை

நண்பர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாகப் பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த என் பழைய மாதிரி ரயிலைச் சென்ற மாதம் தூசி தட்டி எடுத்து, ஒன்பது வயதாகும் என் மகளுக்காக மேசைமீது நீள்வட்டமாகப் பாதை அமைத்து ஓட்டிக் காட்டினேன். முதல் நாள் அவள் இமை கொட்டாமல் பார்த்தாள். மூன்றாம் நாள் ரயில் ஒருபுறம் சுற்றிக்கொண்டிருக்க, அவள் அதற்கு முதுகைக் காட்டியபடி அமர்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். ஒரு வாரம் கழிந்தபோது நானும் ரயிலும் மட்டுமே மிஞ்சினோம்.

இது என் வீட்டில் மட்டும் நடப்பதாகத் தெரியவில்லை. மாதிரி ரயில் கண்காட்சிகளில் நான் காண்பவர்களில் பெரும்பாலோர் நரைத்த தலையினர். பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். கைப்பேசியின்மேல் பழியைப் போட்டுவிடுவது எளிது. அதைத் தாண்டியும் காரணம் உண்டா என்பதை, இந்தப் பொழுதுபோக்கை நெடுங்காலமாக அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: பழைய அட்டவணை

ஐயா, கைப்பேசியை முதலில் விடுதலை செய்துவிடலாம். இந்தச் சரிவு அது பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. 1900இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட லயனல் நிறுவனம், 1950களின் தொடக்கத்தில் உலகின் மிகப்பெரிய பொம்மைத் தயாரிப்பாளர்களுள் ஒன்றாக விளங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே அதன் விற்பனை சரிந்தது, 1969இல் அதன் ரயில் தயாரிப்பு உணவுப்பொருள் நிறுவனமான ஜெனரல் மில்ஸின் கைக்குப் போயிற்று. பிரிட்டனில் 1920 முதல் ஹார்ன்பி ரயில்களைத் தயாரித்துவந்த மெக்கானோ நிறுவனம் 1964இல் தன் போட்டியாளரிடமே விலைபோனது. அப்போது வீடுகளில் இருந்த திரை தொலைக்காட்சி ஒன்றுதான்.

என் பார்வையில், பிள்ளைகளின் கனவில் ரயிலுக்கு இருந்த இடமே அந்த ஆண்டுகளில் பறிபோயிற்று. 1957இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது; அதே ஆண்டில், மின்சாரப் பள்ளத்தில் ஓடும் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பந்தயக் கார்களும் விற்பனைக்கு வந்தன. பிரிட்டனின் தேசிய ரயில்பாதைகளில் வழக்கமான நீராவி வண்டிகள் 1968 ஆகஸ்ட்டோடு நின்றுபோயின. புகையும் நெருப்பும் கக்கிக்கொண்டு, உலக்கை போன்ற தண்டுகள் சக்கரங்களின் பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஆட வந்து நின்ற எஞ்சினை, அது எப்படி இயங்குகிறது என்பதைக் கண்ணாலேயே காண முடிந்தது. இன்றைய மின்சார ரயிலின் இயக்கம் முழுவதும் உறைக்குள் மறைந்துகிடக்கிறது. அதைப் பார்க்கும் பிள்ளைக்கு, வேகத்தைத் தவிர வியப்பதற்கு எதுவும் வெளியில் தெரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்து ஓடும் ரயிலைக் காட்சிக்கு வைத்தபோது, ரயிலைவிடப் பெரிய புதுமை அதன் தண்டவாளத்தில்தான் இருந்தது: அளவுகள் வரையறுக்கப்பட்டிருந்ததால், ஒரு பிறந்தநாளுக்கு வட்டப்பாதையும் அடுத்ததற்குக் கிளைப்பாதையும் அதற்கடுத்து இரண்டு சரக்குப் பெட்டிகளும் என்று ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போக முடிந்தது. ரயில் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தது. தாங்கள் மகளிடம் கொடுத்தது ஏற்கெனவே வளர்ந்து முடிந்த ரயில்.

பதில்: உடைந்த கைப்பிடி

முந்தைய பதிலில் உள்ள வரலாற்றை ஏற்கிறேன். ஆனால் பழி முழுவதையும் காலத்தின்மேல் ஏற்றிவிட்டு, பொழுதுபோக்காளர்களாகிய நாம் தப்பித்துக்கொள்வதை ஏற்க மாட்டேன். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளை நாம்தான் கண்ணாடி அலமாரிக்குள் கொண்டுபோய் வைத்தோம்.

தகரத்தால் செய்த பழைய எஞ்சின் மேசையிலிருந்து விழுந்தால் ஒடுங்கும்; நிமிர்த்தினால் மீண்டும் ஓடும். இப்போது வரும் ‘எச்ஓ’ (HO) அளவு எஞ்சினைக் கையில் எடுத்துப் பாருங்கள். உண்மையான எஞ்சினின் 87இல் ஒரு பங்கு அளவு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஓட்டுநர் அறைக்கு ஏறும் இடத்தில் உள்ள கைப்பிடிகூட மயிரிழை போன்ற தனிக் கம்பியாகப் பொருத்தப்பட்டிருக்கும். எங்கே பிடித்துத் தூக்குவது என்று எனக்கே தயக்கம் வரும். 160இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவும், 1972இல் மெர்க்லின் கொண்டுவந்த 220இல் ஒரு பங்கான ‘இசட்’ (Z) அளவும் இன்னும் நுட்பமானவை. நுண்ணிய உறுப்புகள் கொண்ட இத்தகைய மாதிரிகள் பலவற்றின் பெட்டியில், 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சிட்டே விற்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பதற்கு முன்னால், அது அவளுக்காகச் செய்யப்பட்டதுதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தயாரிப்பாளர்கள் பெரியவர்களின் பணப்பையைப் பின்தொடர்ந்தார்கள். ஆயினும், 1859இல் பிறந்த மெர்க்லினே 2009இல் நொடித்துப்போய் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. பின்னர், பொம்மைகள் தயாரிக்கும் சிம்பா டிக்கி குழுமம் 2013இல் அதை வாங்கியது. காந்தக் கொக்கிகளும் மின்கலமும் கொண்ட, தூக்கிப்போட்டாலும் தாங்கக்கூடிய சிறுவர் ரயில்களை மெர்க்லின் இப்போது தனி வரிசையாகவே விற்கிறது.

அழுக்கையும் மறந்துவிடக் கூடாது. இந்த ரயிலுக்கான மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்தின் வழியாக மோட்டாருக்குப் போகிறது. சில நாள் ஓட்டினாலே தண்டவாளத்தின் மேற்பரப்பில் கரிய படலம் படிந்து, எஞ்சின் திக்கித் திக்கி நின்றுவிடும், பிள்ளை விரலால் ஒரு தள்ளு தள்ளும், ஓடும், ஓர் அடி போய் மறுபடி நிற்கும். மூன்றாம் தள்ளலோடு அந்தப் பிள்ளை எழுந்து போய்விடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பாதை முழுவதையும் துடைக்கும் பொறுமை நமக்கு இருக்கலாம். அவர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பதில்: ஐந்து மூன்று மூன்று

பிள்ளைகள் ரயிலையே வெறுத்துவிட்டார்கள் என்ற தொனி எனக்கு உடன்பாடில்லை. மூன்று வயதுக் குழந்தைகள் மரத் தண்டவாளங்களைத் தரையெங்கும் பரப்பி இன்றும் விளையாடுகிறார்கள். ஜப்பானின் நீல நிறப் பிளாஸ்டிக் தண்டவாள ரயிலான பிளாரெயில் 1959 முதல் விற்பனையில் இருக்கிறது. ஹாம்பர்க்கில் 2001இல் திறக்கப்பட்ட மினியட்டூர் வுண்டர்லாண்ட் என்னும் மாதிரி ரயில் காட்சியகத்தில் பார்வையாளர்களே அழுத்தக்கூடிய பொத்தான்களை ஆங்காங்கே வைத்திருக்கிறார்கள். நம் கண்காட்சிகளிலோ கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகையும் மாட்டிவைக்கிறோம்.

இழப்பு நேர்வது ஏழெட்டு வயதுக்குப் பிறகுதான். காரணம், வட்டத்தில் சுற்றும் ரயிலிடம் ஒரு பிள்ளைக்குச் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. தங்கள் மகள் சலித்துப்போனது அவளுடைய அறிவுக்கு அடையாளம் என்றே நான் கொள்வேன்.

சுற்றுப்பாதையைக் கழற்றிவிட்டு இங்கிள்நூக் என்னும் ஷண்டிங் புதிரை, அதாவது பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசைப்படுத்தும் புதிரை, அமைத்துப் பாருங்கள். தேவை இரண்டு பாயின்ட்டுகளும் (பாதை இரண்டாகப் பிரியும் தண்டவாளத் துண்டுகள்) ஒரு சிறு எஞ்சினும் எட்டுச் சரக்குப் பெட்டிகளும் மட்டுமே. மூன்று கிளைப்பாதைகளில் ஒன்றில் ஐந்து பெட்டிகளும் மற்ற இரண்டில் மும்மூன்று பெட்டிகளும்தான் நிற்க முடியும்; முன்புறப் பாதையில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் மட்டுமே கொள்ளும். எட்டில் ஐந்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, சீட்டு வந்த அதே வரிசையில் நீளமான கிளையில் அவற்றைக் கோத்து நிறுத்த வேண்டும். அந்த ஐந்து பெட்டிகளின் வரிசை 6,720 விதமாக அமையலாம் என்பதால் ஆட்டம் எளிதில் தீராது. முழுவதும் ஒரு நீளப் பலகையில் அடங்கிவிடும், மேசையும் விடுதலையாகும்.

அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவன மாணவர்கள் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்தில் ஒரு பிரிவினர், பலகைக்கு மேலே ஓடும் ரயிலைவிட, அதற்குக் கீழே இருந்த கம்பிகளிலும் ரிலே என்னும் மின் இணைப்பு மாற்றிகளிலும்தான் மூழ்கிக் கிடந்தார்கள். கணினி நிரலாக்கத்தின் தொடக்கக் கதையில் அவர்களுக்கு இடம் உண்டு. புதிரைத் தேடும் பிள்ளைக்கு ரயிலில் புதிர் இருக்கிறது. நாம்தான் அதை எடுத்துக் கொடுப்பதில்லை.

பதில்: மேசைப்பாதை

அனைவருக்கும் நன்றி. பதினைந்து நாட்களாகப் புதிர்ப்பாதை ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டிகளின்மேல் எண் எழுதிய காகிதத் துண்டுகளை மகளே ஒட்டினாள்; நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த எண்ணெய் வண்டியின் ஏணி முதல் நாளே உடைந்தது. ஒரு கணம் கோபம் வந்தது உண்மை. இரண்டாம் பதிலை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். நான் பத்தொன்பது நகர்வுகளில் முடித்த ஒரு வரிசையை அவள் பதினான்கில் முடித்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. நான்கு சக்கர எஞ்சினை மெதுவாகச் செலுத்தினால், இரண்டாம் பாயின்ட்டின் நடுவில் நின்றுவிடுகிறது. தண்டவாளத்தை நன்றாகத் துடைத்துவிட்டேன்.

பதில்: உடைந்த கைப்பிடி

தண்டவாளங்கள் குறுக்கிடும் அந்த இடத்தில் இருப்பது பிளாஸ்டிக். அங்கே மின்சாரம் கிடைக்காது. எஞ்சின் குட்டையாக இருப்பதால், அந்தத் துண்டின்மேல் ஒரு சக்கரம் நிற்கும்போது, அதே பக்கத்தின் மற்றொரு சக்கரம் சிறிது அழுக்காக இருந்தாலும் மின்தொடர்பு அறுந்துவிடும். தண்டவாளத்தோடு சக்கரங்களையும் துடையுங்கள். அப்போதும் நின்றால், ஆறு சக்கர எஞ்சினுக்கு மாறுங்கள். உடைந்த ஏணியை ஒட்ட வேண்டாம், மறுபடியும் உடையும்.