சிங்கப்பூர் – நியூயார்க் விமான தூரம் 5,321 கிமீ என்று வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
எக்செலில் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் அட்சரேகை 1.36, தீர்க்கரேகை 103.99. நியூயார்க் ஜேஎஃப்கே 40.64, 73.78. பூமியின் ஆரம் 6,371. பாகையில் இருந்த கோணங்களை எல்லாம் ரேடியன் என்ற அலகுக்கு மாற்றித்தான், உருண்டையின் மேல் தூரம் காணும் கொசைன் சூத்திரத்தில் போட்டேன், ஆனால் விடை 5,321 கிமீ. நேராகப் போகும் விமானமே 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது, அதனால் இது சரியாக இருக்க வாய்ப்பே இல்லை. சூத்திரத்தைப் பத்துத் தடவை சரிபார்த்துவிட்டேன்.

பதில்:
சூத்திரம் சரி, எண்தான் தப்பு. நியூயார்க் மேற்கில் இருக்கிறது, அதன் தீர்க்கரேகை மைனஸ் 73.78. நீங்கள் மைனஸ் போடாததால் இரண்டுக்கும் வித்தியாசம் 30.21 பாகைதான் என்று எக்செல் எடுத்துக்கொண்டது, உண்மையில் 177.77, அதாவது கிட்டத்தட்ட பூமிக்கு அந்தப் பக்கம். தெற்கில் இருக்கும் ஊர்களின் அட்சரேகைக்கும் இதே மாதிரி மைனஸ் வேண்டும். மாற்றிப் போட்டால் பூமியின் மையத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே வரும் கோணம் 137.95 பாகை, ஒரு பாகைக்கு 111.2 கிமீ என்று பெருக்கிப் பாருங்கள்.

கேட்டவர்:
15,340 வந்துவிட்டது, ரொம்ப நன்றி! ஆனால் இணையத்தில் 15,349 என்று காட்டுகிறார்கள். அந்த 9 கிமீ எங்கே போனது?

இன்னொரு பதில்:
பூமி சரியான உருண்டை இல்லையே. நடுக்கோட்டில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357. அந்த இணையத்தளங்கள் பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான உருண்டையாக வைத்துக் கணக்கிடுகின்றன, வின்சென்டி என்பவர் 1975-இல் கொடுத்த முறை மாதிரி. உங்கள் வேலைக்கு 9 கிமீ பெரிய விஷயமில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் மிக அருகருகே இருக்கும் இடங்களுக்குக் கொசைன் சூத்திரம் வேண்டாம், அதே தூரத்தைக் காணும் ஹேவர்சைன் என்ற இன்னொரு சூத்திரத்தைப் போடுங்கள். தூரம் மிகக் குறைவாக இருக்கும்போது கொசைன் மதிப்பு 1-ஐ ஒட்டி வந்து, தசம இடங்கள் போதாமல் விடை தடுமாறும்.

முதல் பதில் எழுதியவர்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த எண்ணை வைத்துப் பயண நேரம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 15,340 என்பது பெருவட்டப் பாதையின், அதாவது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியின் நீளம், தரையில் நூல் பிடித்த மாதிரி. ஒரு பூகோள உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், வட துருவத்திலிருந்து 280 கிமீ தள்ளித்தான் போகும். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இது தெரியவே தெரியாது. விமானம் அப்படியே அந்த நூலில் போவதில்லை. காற்று பின்னாலிருந்து தள்ளும் பக்கமாகச் சுற்றிப் போனால் எரிபொருள் மிச்சம், சில நாடுகளின் வான்வெளி மூடியிருக்கும், அதனால் பறந்த தூரம் கூடுதலாகத்தான் இருக்கும். நேரம் வேண்டுமென்றால் அந்த விமானத்தின் அட்டவணையையே பாருங்கள்.