கட்டி முடிச்ச புது வீடு: திறப்பு வாங்க முதல் என்ன பாக்கவேணும்?

ராஜி_வெள்ளவத்தை
14 வருசமா வெள்ளவத்தையில வாடகைக்கு இருக்கிறம். இப்ப ஹெந்தளைப் பக்கம் 6 பேர்ச்சஸ் காணியில மாடி வீடு ஒண்டு பாத்திருக்கிறம். "திறப்பை வாங்கின அண்டைக்கே பால் காய்ச்சலாம்" எண்டு விக்கிறவர் சொல்றார். அட்வான்ஸ் குடுத்தாச்சு. மிச்சக் காசு குடுக்க முதல் என்னத்தைப் பாக்கவேணும்?

கொட்டாவை அண்ணா
தங்கச்சி, 2019இல நாங்களும் இப்பிடித்தான் வாங்கினனாங்கள். டைல்ஸின்ர மினுக்கத்தைப் பாத்து சீஓசியைக் கேக்காம விட்டிட்டம். அங்கீகரிச்ச பிளானின்படிதான் வீடு கட்டியிருக்கு எண்டு நகர சபையோ பிரதேச சபையோ குடுக்கிற இணக்கச் சான்றிதழ் அது. அது இல்லாமக் குடியிருக்கச் சட்டம் இடம் விடாது. பிளானில பின்பக்கம் திறந்தவெளி. கட்டினவர் அதில குசினி இழுத்துவிட்டிருந்தார். எங்கட காசில இடிச்சம். எட்டு மாசம் அலைஞ்சம். முழுக்காசையும் வாங்கினவர் போன் எடுக்கேல்லை. தயவுசெய்து சீஓசி கைக்கு வருமட்டும் கடைசித் தவணையைக் குடுக்காதேங்கோ.

இன்னொண்டு. மேல் பாத்ரூமில ரெண்டு வாளி தண்ணி ஊத்திவிட்டு நிண்டு பாருங்கோ. எங்கட வீட்டில தண்ணி குழாய்வாய்க்குப் போகாமக் கதவடிக்கு வந்தது. ஆறு மாசத்தில கீழறை சீலிங்கில மஞ்சள் திட்டு, பிறகு பூஞ்சணம். டைல்ஸை ஒரு நாணயக்குத்தியால தட்டுங்கோ. டொக்கெண்டு வெறுஞ்சத்தம் கேட்டால் அடியில சாந்து பிடிக்கேல்லை. அதுகளில சோக்கால குறி போட்டு, விக்கிறவரைக் கொண்டே மாத்துவியுங்கோ.

நொத்தாரிசு வீட்டுப்பிள்ளை
அக்கா, காணிப் பதிவகத்தில 30 வருசத்து உறுதிகளைத் தேடிப்பாக்க உங்கட சொந்த நொத்தாரிசைப் பிடியுங்கோ, விக்கிறவர் காட்டிற ஆள் வேண்டாம். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அது வாங்கிறவற்ர தலையில. வீட்டு விலைக்குள்ள அடங்கும் எண்டு நினைச்சிடாதேங்கோ.

வத்தளை மாமி
பிள்ளை, மழை நாளில ஒருக்காப் போய்ப் பாருங்கோ. 2016 மே மாசம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைச் சனம் பட்ட பாடு மறக்கேலாது. அந்த ஒழுங்கையில எதுவரைக்கும் தண்ணி ஏறினது எண்டு பக்கத்து வீட்டு ஆக்களிட்டக் கேளுங்கோ. அவைக்குப் பொய் சொல்லத் தேவையில்லை.

ராஜி_வெள்ளவத்தை
அண்ணா, இப்ப போன் எடுத்துக் கேட்டன். சீஓசிக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லையாம். சான்றிதழ் வந்தபிறகுதான் கடைசித் தவணை எண்டு ஒப்பந்தத்தில எழுதச் சொல்லியிருக்கிறன். சனிக்கிழமை வாளியோட போறம்.