புதுப்பிப்பு: லைக்கன் மரபணுத்தொகுதி, வளர்த்துப் பிரிப்பதா, அப்படியே படிப்பதா?

போஸ்ட்டாக்கில் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) சேர்ந்த புதிதில் இங்கே கேட்டிருந்தேன்: பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் லைக்கனில் உள்ள பூஞ்சையைத் தனியாக வளர்த்து டிஎன்ஏ எடுப்பதா, இல்லை முழு உடலத்தின் டிஎன்ஏ வரிசையையும் அப்படியே படித்துவிட்டு அப்புறம் கணினியில் பிரிப்பதா என்று. வளர்க்கச் சொன்னவர்கள்தான் அதிகம். சரி என்று வைத்தும் பார்த்தோம், ஆனால் அது தட்டில் வளரும் வேகத்துக்கு என் ஒப்பந்தமே முடிந்துவிடும் போலிருக்கிறது, அதனால் இப்போது முழு உடலம்தான்.

பெரிய தலைவலி கணினி இல்லை, டிஎன்ஏ எடுப்பதுதான். அரைத்த மாதிரியில் பாலிசாக்கரைடுகள் (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) கொழகொழவென்று பிப்பெட் முனையில் நூலாக இழுக்கும். போதாததற்கு லைக்கன் அமிலங்கள் நொதிகளை முடக்கிவிடும். முதலில் அசிட்டோனில் ஊறவைத்துக் கழுவினால் அமிலங்களின் தொல்லை நன்றாகக் குறைகிறது.

பிரிப்பது நினைத்ததைவிட எளிது. ஒவ்வொரு டிஎன்ஏ துண்டின் ஜிசி விகிதத்தையும் (ஜி, சி எழுத்துகளின் பங்கு) வாசிப்பு ஆழத்தையும் (அது எத்தனை முறை படிக்கப்பட்டது) வரைந்தால் பூஞ்சைத் துண்டுகள் ஒரு கூட்டமாக, டிரெபாக்சியா பாசி இன்னொரு கூட்டமாக ஒதுங்குகின்றன. பாக்டீரியாதான் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது.

லைக்கனில் மூன்றாவது கூட்டாளியாக ஒரு ஈஸ்ட்டும் இருக்குமா என்று கேட்டவருக்கு: 2016இல் ஸ்பிரிபில் என்ற ஆய்வாளரின் குழு பிரையோரியா என்ற லைக்கனில் அதைக் காட்டியது உண்மைதான், மஞ்சள் நிற வகையில் அந்த ஈஸ்ட் கூடுதலாக இருந்தது. ஆனால் எல்லா லைக்கனிலும் அது இருப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் மாதிரிகளில் இதுவரை தென்படவில்லை. ஆழம் குறைவான துண்டுகளை இன்னும் அலசவில்லை, அடுத்த வேலை அதுதான்.