எடி ஜோன்ஸின் ஒன்பது மட்ச்: நேரில பாத்தவை எழுதுங்கோ

வென்டிவாசி:

போன சனிக்கிழமை மகன்ர அலுமாரியைத் துப்புரவாக்கேக்க மஞ்சள் ஜேர்சி ஒண்டு கையில தட்டுப்பட்டுது. 2023 ஜூலையில வேண்டினது. இப்ப அவன்ர தோளுக்குள்ள ஏறாது. எறிவம் எண்டு எடுத்தனான், மனம் வரேல்ல. எடி ஜோன்ஸ் ஆஸ்திரேலிய ரக்பி அணிக்கு, அதுதான் வாலபீசுக்கு, பயிற்றுநராத் திரும்பி வந்த வருசத்து ஜேர்சி. ஒன்பது டெஸ்ட் (மற்ற நாட்டு அணியளோட ஆடுற மட்ச்), ரெண்டு வெற்றி. வாலபீஸ் உலகக் கிண்ணத்தில முதல் சுற்றோட வீட்டுக்குப் போனது சரித்திரத்திலயே அந்த ஒருக்கால்தான்.

ஆர் எந்த மட்சுக்குப் போனீங்கள், எந்த நிமிசத்தில உங்களுக்கு “இது சரிவராது” எண்டு பட்டுது? அதை எழுதுங்கோ. பேப்பரில வந்ததைத் திருப்பி எழுத வேண்டாம், அதெல்லாம் வாசிச்சாச்சு.

முதல் நான். ஜூலை 15, சிட்னியில பரமட்டா, ஆர்ஜன்டீனாவோட. வென்ட்வேர்த்வில்லில இருந்து ட்ரெயினில ரெண்டு ஸ்டேசன். அதுக்கு முதல் கிழமைதான் பிரிட்டோரியாவில தென்னாபிரிக்கா 43-12 எண்டு அடிச்சு அனுப்பியிருந்தது. “அங்க ஆர்தான் வெல்லுறது” எண்டு எல்லாரும் அதைத் தள்ளி வைச்சிட்டம். நல்ல குளிர். மகன் சிப்ஸ் பெட்டியை மடியில வைச்சுக் கை சூடாக்கிக்கொண்டு இருந்தவன். ஆட்டம் முடியுற நேரம் எங்கட நவாகனிடவாசே எதிராளின்ர பாஸைப் பறிச்சுக்கொண்டு ஓடின ஓட்டம் இருக்கே, அரங்கம் முழுக்க எழும்பி நிண்டுது. 31-27, நாங்கள் முன்னுக்கு. முன்னால இருந்த ஒரு சமோவாக்காரர், முன்பின் தெரியாத ஆள், மகனைத் தூக்கித் தோளில வைச்சிட்டார்.

பிறகு நடந்தது என்ன? பந்தை வைச்சு நேரத்தைக் கடத்த வேண்டிய அந்த மூண்டு நாலு நிமிசம் ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினாங்கள். கப்டன் மைக்கல் ஹூப்பர் காலில காயத்தோட வெளியில. ஆர்ஜன்டீனா மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து கடைசியில கொன்சாலெஸ் ட்ரை வைச்சான், அதுதான் எங்கட கோட்டுக்கு அப்பால பந்தை நிலத்தில வைக்கிறது. 34-31. சமோவாக்காரர் பிள்ளையை இறக்கி வைச்சிட்டு ஒண்டும் கதைக்காமல் போனார்.

அண்டைக்கும் எனக்குப் படேல்ல எண்டதுதான் வெட்கம். ட்ரெயினில வரேக்க மகனுக்குச் சொன்னனான்: “எடி ஏதோ ஒண்டு வைச்சிருக்கிறார், பார்.”

மெல்பன்_மழை:

அண்ணா, இந்த “ஏதோ வச்சிருக்கார்” வசனத்தை நானும் கேட்டேன். வேற ஊர்ல, ரெண்டு வாரம் கழிச்சு!

நான் சென்னை. ரக்பியில பந்தை முன்னாடி பாஸ் பண்ணக்கூடாதுங்கறதே அன்னிக்குத்தான் தெரியும். ஆபீஸ்ல ஒருத்தர் வரமுடியாம போனதால ஓசி டிக்கெட். மெல்பன் எம்சிஜி மைதானம்னா எனக்குக் கிரிக்கெட்தான், அதனால சரின்னு போயிட்டேன். ஜூலை 29, நியூசிலாந்து. 83 ஆயிரத்துக்கும் மேல கூட்டம். நியூசிலாந்துக்காரங்க ஆட்டத்துக்கு முன்னாடி ஹாக்கான்னு ஒரு போர் நடனம் ஆடும்போது அவ்வளவு பேரும் கப்சிப். எங்க ஊர்ல அவ்வளவு கூட்டம் அப்படி அமைதியா நின்னு நான் பார்த்ததே இல்ல.

ஆட்டத்தைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது. 38-7ன்னு தோத்தாச்சு. கேப்டன் அலலடோவா குதிகால் தசைநார் அறுந்து வெளியே போனார். அவருக்கு உலகக் கோப்பை அங்கேயே முடிஞ்சுதுன்னு அப்புறம்தான் படிச்சேன். எனக்கு ஞாபகம் இருக்கறது பக்கத்து சீட் பெரியவர். 1980கள்லேர்ந்து பார்க்கறாராம். பாதிக்கு மேல கூட்டம் ட்ரெயின் புடிக்கக் கிளம்ப ஆரம்பிச்சாச்சு, அவர் மட்டும் அசையல. “எடி எல்லாத்தையும் உலகக் கோப்பைக்கு ஒளிச்சு வச்சிருக்கான், இப்ப காட்டமாட்டான்”னு எனக்குச் சமாதானம் சொன்னார். எனக்கெதுக்கு சமாதானம், நான் ஓசி டிக்கெட்டு!

நித்தவெலைக்காரன்:

நான் கண்டி. நித்தவெலை மைதானத்து வேலியில் தொங்கிக்கொண்டு ரக்பி பார்த்து வளர்ந்தவன். இப்போது சிட்னியில் ஓய்வுகாலம். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை மறக்கக்கூடாது. 2003இல் இதே மனிதர் வாலபீஸை சிட்னி ஹோம்புஷில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டம் வரை கொண்டுபோனவர். கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் பந்தை நிலத்தில் தட்டவிட்டு உதைத்த ஒரு ட்ரொப் கோலில் போனது அது. 2015இல் பிரைட்டனில் ஜப்பானை வைத்துத் தென்னாபிரிக்காவை 34-32 என்று வென்றார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தைக் கூட்டிவந்து இங்கேயே நம்மை மூன்றுக்கு மூன்று அடித்தார். அப்படிப்பட்டவர் “அடித்துப் பிடுங்குவோம்” என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? நானும் நம்பினேன்.

ஆனால் அவர் யாருடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் என்று பாருங்கள். டேவ் ரெனியின் 2022இல் 14 டெஸ்டில் 5 வெற்றி. கேட்டால் மோசம்தான். அதில் பிரான்சிடம் ஒரு புள்ளியில் தோற்றது, இத்தாலியிடம் ஒரு புள்ளியில், அயர்லாந்திடம் மூன்று புள்ளியில். கார்டிஃபில் 34-13 என்று பின்தங்கியிருந்து வேல்ஸை வென்றது. இன்னும் ஒரு கை கொடுத்தால் நிமிர்ந்துவிடும் வீடு. அதை இடித்துவிட்டு, உலகக் கிண்ணத்துக்கு எட்டு மாதம் இருக்கையில் புதிதாக அத்திவாரம் வெட்டினார்கள். இடித்ததில் எடிக்கு மட்டுமல்ல, அவரைக் கூப்பிட்டவர்களுக்கும் பங்குண்டு.

எனக்கு எப்போது பட்டது என்று கேட்டீர்கள். மைதானத்தில் அல்ல, ஓகஸ்டில் 33 பேர் கொண்ட பட்டியல் வந்த அன்று. ஹூப்பர் இல்லை, குவேட் கூப்பர் இல்லை. பத்தாம் இலக்கத்துக்கு என்றே வளர்ந்த ஆள் ஒரேயொருவன், கார்ட்டர் கோர்டன், வயது 22. ரக்பியில் பத்து என்றால் வீட்டுக்குச் சமையற்காரி மாதிரி. எப்போது அடுப்பைக் கூட்டுவது, எப்போது குறைப்பது எல்லாம் அந்தக் கைதான். பிள்ளை கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பக்கத்தில் நின்று “தம்பி, இப்ப உதைச்சு வெளியில போடு” என்று சொல்ல ஒரு பழைய கை வேண்டும். பரமட்டாவில் அந்தக் கடைசி நிமிடங்களில் இல்லாமற்போனதும் அதுதான். அதைப் பார்த்த பிறகும் பழைய கைகளை வெட்டியதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஒரே வருடத்தில் கப்டன் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்: ஹூப்பரும் ஸ்லிப்பரும் சேர்ந்து, பிறகு அலலடோவா, மெக்டெர்மட், ஸ்கெல்டன், பொரெக்கி. காயம் பாதிக் காரணம். மீதிப் பாதி?

லாஷப்பல்_தங்கச்சி:

ஐயா எழுதினதை இவருக்கும் வாசிச்சுக் காட்டினனான், “சமையற்காரி” எண்டதுக்கு மட்டும் நான் கண்டனம் சொல்லிப்போட்டன் 😄

நாங்கள் பாரிஸ். லா கூர்நெவில வீடு, ஸ்டாட் து பிரான்ஸ் மைதானத்துக்குக் கிட்ட. செப்டம்பர் 9 இங்க உலகக் கிண்ணத்தில ஆஸ்திரேலியா ஜோர்ஜியாவோட ஆடினதுக்குப் போனனாங்கள். அண்டைக்கு வெக்கை எண்டால் சொல்லேலாது, தண்ணிப் போத்தலுக்கு லைன். 35-15. ஆஸ்திரேலியாவின்ர டொனால்ட்சன் மட்டும் 25 புள்ளி. எங்கட பெடியள் எல்லாம் “ஆஸ்திரேலியா கோப்பை தூக்கும்” எண்டு கத்திக்கொண்டு நடந்து வந்தவை. இவர் உடன லியோன் மட்சுக்கும் டிக்கெட் போட்டார். எங்களுக்கு ஆஸ்திரேலியாவோட என்ன சொந்தம் எண்டு கேக்காதேங்கோ. இவற்ற தமக்கை சிட்னியில, அவ்வளவுதான்.

செப்டம்பர் 24, லியோன், வேல்ஸோட. ரெயினில ரெண்டு மணித்தியாலம், பிறகு ட்ராமில ஸ்டேடியத்துக்கு. ட்ராமில ஒரு ஆஸ்திரேலியச் சோடி, ரெண்டு பேருக்கும் அறுவது கடந்திருக்கும். ஓய்வெடுத்த காசில ஏழு கிழமைக்கு வந்திருக்கினமாம், இறுதி ஆட்டத்துக்கும் டிக்கெட் வைச்சிருக்கினமாம். அந்த மனிசி ஃபோனைப் பாத்திட்டு முகம் மாறிப்போச்சு. எடி உலகக் கிண்ணத்துக்கு முதலே ஜப்பான்காரரோட வேலைக்குக் கதைச்சவர் எண்டு சிட்னிப் பத்திரிகையில அண்டைக்குத்தான் செய்தி வந்தது. அவர் இல்லையெண்டு மறுத்தவர். அந்த மனிசி நம்ப விரும்பினவ, முகத்தில தெரிஞ்சுது.

மூண்டாவது நிமிசமே வேல்ஸின்ர கரத் டேவிஸ் ட்ரை. பிறகு அன்ஸ்கொம் உதைச்சு உதைச்சே புள்ளியைச் சேர்த்தான். 40-6. உலகக் கிண்ணத்தில ஆஸ்திரேலியா வாங்கின ஆகப் பெரிய அடி. பெரிய திரையில எடியின்ர முகம் வர, மஞ்சள் உடுப்புப் போட்ட சனமே “ஊ” எண்டு கத்தினது. வேல்ஸ்காரர் கத்தினால் அது விளையாட்டு. இது வீட்டுச் சனம். ட்ராமில பாத்த அந்தச் சோடி எங்களுக்கு ஒரு பத்து வரிசை கீழ இருந்தவை. மனிசன் கத்தேல்ல, தொப்பியைக் கழட்டி மடியில வைச்சவர். எனக்கு இப்பவும் ஸ்கோரைவிட அந்தத் தொப்பிதான் கண்ணுக்க நிக்குது.

கோர்டனைப் பற்றி ஐயா சொன்னது சரி. அண்டைக்குத் தொடக்கத்தில அவனை இருத்திப்போட்டு டொனால்ட்சனைப் பத்தில இறக்கினவை. ஒரேயொரு பத்து எண்டு கொண்டுவந்தவனையே மூண்டாம் மட்சில இருத்தினால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?

பதினோராம்நம்பர்:

லியோனுக்கு முதல் கிழமையை விட்டிட்டீங்களே. ஃபிஜி!

என்ர வேலைத்தலத்தில ஒருத்தர் ஃபிஜியில நாடி எண்ட ஊரில பிறந்தவர், பூட்டன் காலத்தில கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக் கொண்டுபோன சனம். தமிழ் கதைக்கத் தெரியாது, ஆனா நாடி முருகன் கோயில் காவடியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் சொல்லுவார். ஓகஸ்ட் கடைசியில ஃபிஜி ட்விக்கன்ஹாமில இங்கிலாந்தை வெண்ட திங்கள், முழு ஒஃபிசுக்கும் கேக் கொண்டுவந்தவர். “அடுத்தது நீங்கள்தான்” எண்டு சிரிச்சார். நாங்களும் சிரிச்சம்.

மட்ச் இங்க திங்கள் விடியப்புறம் ரெண்டு மணிக்குக் கிட்ட. சிட்னி லிவர்பூலில அவற்ற வீட்டில போய் இருந்து பாத்தனான். அந்தக் கிழமை பயிற்சியில ஸ்கெல்டனும் டுப்பூவும் காயப்பட்டிட்டினம். ரெண்டு மலையும் ஒரேயடியா இல்லை. ஃபிஜிக்காரர் பந்துக்கு மேல வந்து குனிஞ்சு நிக்க எங்கட ஆக்களுக்கு அவையை அகற்ற ஏலேல்ல, பெனல்டிக்கு மேல பெனல்டி. 22-15. 1954க்குப் பிறகு ஃபிஜி ஆஸ்திரேலியாவை வெண்டது அண்டைக்குத்தான். அந்த வீட்டில பதினைஞ்சு பேர், கிழவியள் எல்லாம் அழுகினம். எனக்குக் கவலைப்படவும் ஏலேல்ல, சிரிக்கவும் ஏலேல்ல. அவற்ற அம்மா எனக்கு மட்டும் தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி கூடப் போட்டுத் தந்தவ.

ஆனா ஒண்டு. எடிக்காகவும் ஆராவது கதைக்க வேணும். 2025 ஓகஸ்டில ஜோகன்னஸ்பேர்க் எல்லிஸ் பார்க்கில தென்னாபிரிக்காவோட 22-0 எண்டு பின்னுக்கு நிண்டு 38-22 எண்டு வெண்டமே, 1963க்குப் பிறகு அங்க முதல் வெற்றி, அதில ஆடின டொம் ஹூப்பர் எடி இறக்கின பெடியன்தானே? சுவாலியியை ரக்பி லீக் எண்ட மற்ற வகை ரக்பியில இருந்து கொண்டுவந்ததும் அவர் இருந்த காலத்திலதான். விதைச்சவனை மறந்திட்டு அறுத்தவனை மட்டும் புகழுறம் எண்டு எனக்குப் படுது.

நித்தவெலைக்காரன்:

தம்பி, சுவாலியி விடயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் இல்லை. எல்லிஸ் பார்க்கில் கப்டன் யார்? ஹரி வில்சன். ரெண்டு ட்ரையும் வைத்தான். 2023 பட்டியலில் எடி அவனைச் சேர்க்கவே இல்லை. பத்தாம் இலக்கத்தில் ஆடியது யார்? ஜேம்ஸ் ஓ’கோனர், 35 வயது! அப்போது பயிற்றுநராக இருந்த ஜோ ஷ்மிட் செய்தது அதுதான்: பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு நரைத்த கையை வைத்தார். விதை எடியுடையதாக இருக்கட்டும், தண்ணீர் ஊற்ற ஆள் வைத்தது அவரல்ல. கோர்டனுக்கு என்ன நடந்தது தெரியும்தானே, 2024இல் மனம் வெறுத்தாற்போல் லீக்குக்குப் போனான். நல்லவேளை குயின்ஸ்லாந்து ரெட்ஸ் கழகம் திரும்பக் கூட்டிவந்தது.

மெல்பன்_மழை:

ஒரு சந்தேகம். போர்ச்சுகலை 34-14னு ஜெயிச்சாங்களே, அப்புறமும் எப்படி வெளியே போனாங்க? எங்க ஆபீஸ்ல யாருக்கும் சரியா சொல்லத் தெரியல.

வென்டிவாசி:

அதுதான் ஆகக் கொடுமை. எங்கட பிரிவில நாங்கள் 11 புள்ளியோட முடிச்சிட்டம், ஃபிஜிக்கு இன்னும் ஒரு மட்ச், போர்த்துக்கலோட. அவைக்கு ஒரேயொரு புள்ளி காணும். மட்சில ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள்ள தோத்தாலே அட்டவணையில ஒரு புள்ளி கிடைக்கும். ஒரு கிழமை ஆடவும் இல்லாமல், வீட்டுக்கு வரவும் இல்லாமல் அங்கயே காத்துக்கொண்டு இருந்தவை. ஒக்டோபர் 8 போர்த்துக்கல் 24-23 எண்டு வெண்டுது, அவையின்ர முதல் உலகக் கிண்ண வெற்றி. ஃபிஜி ஒரு புள்ளியில தோத்து அந்த ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு போட்டுது. புள்ளி சமம், ஆனா நேருக்கு நேர் ஃபிஜிதானே வெண்டது. ஒக்டோபர் கடைசியில எடி விலகினார், டிசம்பரில ஜப்பான் பயிற்றுநர் எண்டு அறிவிப்பு. 2027 வரைக்கும் எண்டு போட்ட ஒப்பந்தம், ஒரு வருசம்கூட ஓடேல்ல.

லாஷப்பல்_தங்கச்சி:

அண்ணை, 2027 உலகக் கிண்ணம் அங்கதானே? இவர் இப்பவே தமக்கைக்கு ஃபோன் போட்டு அறை ஒதுக்கச் சொல்லிப்போட்டார். ஜேர்சி என்ன செய்தனீங்கள்?

வென்டிவாசி:

வாங்கோ, எங்கட வீட்டிலயும் இடம் இருக்கு. ஜேர்சி என்ர தங்கச்சியின்ர மோனுக்குக் குடுத்தாச்சு. எட்டு வயசு, எடி ஆரெண்டே தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு பின்வளவில சொக்கர் விளையாடுறான்.